பேய்க்கு அலறுகிறோம், அநீதிக்குச் சிரிக்கிறோம்

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். வண்டலூர்–வாலாஜாபாத் சாலையும் சிங்கப்பெருமாள் கோயில்–ஸ்ரீபெரும்புதூர் சாலையும் கூடுகிற ஒரகடம் சந்திப்பில் ஆலைப் பேருந்துகளின் வரிசை அன்று சற்றுக் குறைந்திருக்கும். ளுஹர் தொழுது, உண்டு முடித்த நம் வீடுகளில் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருக்கும். இரவு ஷிப்ட் முடித்து வந்த தங்கை பாதி உறக்கத்தில் இருப்பாள். மக்தபுக்குப் போகும் பிள்ளைகள் பாயில் குப்புறப் படுத்துக் கன்னத்தில் கை வைத்திருப்பார்கள். திரையில், வளர்ந்த ஆண்பிள்ளை ஒருவன் இருட்டுக்குப் பயந்து தன் தாயின் இடுப்பில் ஏறி அமர்ந்துகொள்கிறான். வீடே குலுங்கிச் சிரிக்கிறது. அன்றிரவு அதே பிள்ளைகள் கழிவறைக்குப் போக அம்மாவை எழுப்புகிறார்கள். அப்போதும் நாம் சிரிக்கிறோம்.

சினிமா பார்ப்பது கூடுமா, கூடாதா என்ற தீர்ப்பை எழுத நாம் இங்கே வரவில்லை. அது ஆலிம்களின் பணி. கூடாது என்று பயானில் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்து பார்க்கிற குடும்பங்களே நம்மில் மிகுதி என்பதையும் மறைக்கத் தேவையில்லை. பார்த்துவிட்டோம், இனியும் பார்க்கப் போகிறோம். அப்படியானால் அந்தப் படம் நம் மனத்தில் எதை வைத்துவிட்டுப் போகிறது, எதை எடுத்துக்கொண்டு போகிறது என்று கேட்கவாவது வேண்டும். அந்தக் கேள்வியைத்தான் நாம் எழுப்புகிறோம்.

கவர்ச்சி எங்கே இருக்கிறது?

முதலில் நியாயமாகப் பேசுவோம். குறைந்த செலவில் எடுக்கப்படும் இந்தப் பேய் நகைச்சுவைப் படங்களை இகழ்ந்து ஒதுக்குவது எளிது. ஆனால் மக்கள் காரணமின்றி ஒன்றை விரும்புவதில்லை.

இவ்வகைப் படத்துக்குப் பெரிய நட்சத்திரம் வேண்டியதில்லை. வெளிநாட்டுப் படப்பிடிப்பு வேண்டியதில்லை. ஒரு பழைய பங்களா, ஏழெட்டு நடிகர்கள், இருட்டு, திடுக்கிட வைக்கும் ஓசை, இவை போதும். ராகவா லாரன்ஸ் இயக்கி நடித்த 'முனி' 2007இல் வந்தது. அதன் தொடர்ச்சியான 'காஞ்சனா' 2011இல் வந்து பெரும் வெற்றி பெற்றது. 2014இல் 'யாமிருக்க பயமே', 'அரண்மனை' ஆகியவை வந்தன. 2015இல் 'டார்லிங்', 'காஞ்சனா 2'. 2016இல் 'தில்லுக்கு துட்டு'. 'அரண்மனை' நான்காம் பாகம் வரை நீண்டு 2024இலும் அரங்குகளை நிரப்பியது. சிறு முதலீட்டில் பெரு வருவாய் என்பதால் தயாரிப்பாளர்கள் இதை விடவில்லை. பாட்டி முதல் பேரப்பிள்ளை வரை ஒன்றாக அமர்ந்து பார்க்கலாம் என்று நம்பியதால் குடும்பங்களும் விடவில்லை.

அச்சத்தையும் சிரிப்பையும் அடுத்தடுத்து வைப்பதில் ஓர் உண்மையான ஆறுதல் இருக்கிறது. நாள் முழுதும் நின்றபடியே வேலை செய்து, கன்வேயர் ஓடும் வேகத்துக்குக் கையை ஓட்டி, மேற்பார்வையாளர் முன் வாய் திறவாமல் இருந்துவிட்டு வந்த ஓர் உடலுக்கு, உரக்க அலறவும் உரக்கச் சிரிக்கவும் இடம் வேண்டியிருக்கிறது. இப்படங்களின் நாயகன் வீரன் அல்லன், பயந்தவன். பத்துப் பேரை ஒரே அடியில் வீழ்த்தும் நாயகர்களைப் பார்த்துச் சலித்தவர்களுக்கு, நம்மைப் போலவே நடுங்குகிற ஒருவனைக் காண்பது இதமாக இருக்கிறது.

இவை எல்லாவற்றிலும் ஆழமான காரணம் ஒன்று உண்டு. இப்படங்களில் வருகிற பேய்கள் பெரும்பாலும் அநீதி இழைக்கப்பட்டவர்கள். 'முனி'யில், கீழக்கரை மண்ணில் பிறந்த ராஜ்கிரண் ஏற்ற பாத்திரம், அரசியல்வாதி ஒருவரை நம்பித் தன் குப்பத்து மக்களுக்காக உழைத்து, ஏமாற்றப்பட்டுக் கொல்லப்பட்ட மனிதர். 'காஞ்சனா'வில் சரத்குமார் ஏற்ற பாத்திரம் ஒரு திருநங்கை. பெற்றோரால் விரட்டப்பட்ட அவருக்கு நிழல் தந்தவர் ஒரு முஸ்லிம் பெரியவர். ஏழைகளுக்கு மருத்துவமனை கட்டுவதற்காகக் காஞ்சனா வாங்கிய நிலத்தைச் சட்டமன்ற உறுப்பினர் ஒருவர் பறிக்கிறார். காஞ்சனாவும், அந்தப் பெரியவரும், அவருடைய மனவளர்ச்சி குன்றிய மகனும் கொல்லப்பட்டு அந்த நிலத்திலேயே புதைக்கப்படுகிறார்கள். பிறகு அங்கே கிரிக்கெட் ஆடப் போனவர்களின் ஸ்டம்பில் இரத்தம் ஒட்டிக்கொண்டு வருகிறது. கதை அங்கிருந்துதான் தொடங்குகிறது.

சிந்தித்துப் பாருங்கள். திருநங்கை ஒருவர், முஸ்லிம் ஒருவர், மனவளர்ச்சி குன்றிய பிள்ளை ஒருவர். சமூகம் எவரையெல்லாம் ஓரத்தில் நிறுத்துகிறதோ அவர்கள் மூவரும் ஒரே குழியில். மூவரும் எழுந்து வந்து தம் நிலத்தைக் கேட்கிறார்கள். இந்தக் காட்சிக்கு நம் மக்கள் கைதட்டினார்கள் என்றால், அந்தக் கைதட்டலில் இருப்பது நீதி மீதான பசி. அந்தப் பசியை நாம் மதிக்கிறோம். அந்தப் பசிக்கு இந்தப் படங்கள் பரிமாறும் உணவைத்தான் நாம் எதிர்க்கிறோம்.

நிலம் கேட்கும் பேயும், நிலம் கேட்காத நாமும்

நிலம் என்ற சொல் நம் வட்டாரத்தில் வெறும் கதைப் பொருள் அன்று. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை 1998இல் உற்பத்தியைத் தொடங்கிய காலம் முதல் ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம், ஒரகடம், வல்லம் வடகால் என்று சாலையின் இருபுறமும் நிலத்தின் முகமே மாறிவிட்டது. ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த இடங்களில் கார்களும் கைப்பேசிகளும் விளைகின்றன. இதனால் பல்லாயிரம் வீடுகளில் அடுப்பு எரிகிறது என்பதை நாம் மறுக்கவில்லை. நம் வீட்டு அடுப்பும் அதில்தான் எரிகிறது. ஆனால் பரந்தூர் விமான நிலையத் திட்டம் 2022இல் அறிவிக்கப்பட்டதிலிருந்து ஏகனாபுரம் மக்கள் தங்கள் வயலுக்காகவும் ஏரிக்காகவும் போராடி வருவதையும் அதே சாலையில் போய்வரும் நாம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

இந்த மண்ணில் நின்று 'காஞ்சனா'வின் முடிவைப் பாருங்கள். நிலத்தைப் பறித்தவனைப் பேய் துரத்துகிறது, சண்டை நடக்கிறது, பேய் வெல்கிறது, நாம் எழுந்து தேநீர் போடப் போகிறோம். உயிரோடு இருக்கிற ஒருவரும் எதுவும் செய்ய வேண்டியிருக்கவில்லை. அந்தத் தெருவில் குடியிருந்தவர்கள் காவல் நிலையத்துக்குப் போகவில்லை. பத்திரத்தைப் பதிவு செய்து கொடுத்தவர் வாய் திறக்கவில்லை. சாட்சி சொல்ல ஒருவரும் வரவில்லை. செத்தவர்தாம் வந்து தமக்கு நீதி தேடிக்கொள்ள வேண்டியிருக்கிறது. இதுவே இவ்வகைப் படங்களின் முதல் குறை. உயிரோடு இருப்பவர்களின் கடமையை இறந்தவர்களின் தலையில் சுமத்திவிட்டு நம்மை நிம்மதியாக வீட்டுக்கு அனுப்புகின்றன.

நம் மார்க்கம் இதற்கு நேர் எதிராகப் பேசுகிறது. இறந்தவர் திரும்பி வருவதற்கும் இவ்வுலகுக்கும் நடுவே, எழுப்பப்படும் நாள் வரை ஒரு திரை இருக்கிறது என்பதைக் குர்ஆன் அல்முஃமினூன் அத்தியாயத்தில் தெளிவாக்குகிறது. அந்தத் திரைதான் பர்ஸக். கொல்லப்பட்டவரின் ஆன்மா பழிவாங்க வந்து பங்களாவில் கொலுசு ஒலிக்க நடப்பதில்லை. ஜின் என்ற படைப்பு உண்டு என்பது நம் நம்பிக்கை. இறந்த மனிதன் பேயாக வருவான் என்பது நம் நம்பிக்கையே அன்று. இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம், சரி. ஆனால் அதன் மறுபக்கத்தைச் சொல்லிக்கொடுக்கிறோமா? இறந்தவர் வந்து கேட்க மாட்டார் என்றால், அவருக்காகக் கேட்கும் பொறுப்பு இருப்பவர்களுடையது என்றல்லவா அதற்குப் பொருள்?

ஒரு சாண் நிலத்தை அநியாயமாக எடுத்துக்கொண்டவரின் கழுத்தில் ஏழு பூமிகளும் மறுமை நாளில் மாலையாக மாட்டப்படும் என்ற எச்சரிக்கையை நபி (ஸல்) அவர்கள் விடுத்திருப்பதை புகாரி, முஸ்லிம் இரு தொகுப்புகளிலும் காண்கிறோம். எந்தப் பேய்ப்படத்திலும் இதைவிட அச்சமூட்டும் காட்சி இல்லை. ஆனால் இதைக் கேட்டு நம்மில் எவர் இரவில் திடுக்கிட்டு எழுந்தோம்?

இந்தக் கேள்வியை ஊராரிடம் கேட்பதற்கு முன் நம் வீட்டில் கேட்க வேண்டியிருக்கிறது. ஆலைகள் வந்தபின் இங்கே மனை விலை ஏறியது. விலை ஏறியபின் எத்தனை வீடுகளில் அத்தாவின் சொத்துக்காகச் சகோதரிகளை வரவழைத்து, பிரியாணி ஆக்கிப் போட்டு, ஒரு சேலையும் கொடுத்து, விடுதலைப் பத்திரத்தில் கையொப்பம் வாங்கினோம்! வாரிசுரிமையில் அல்லாஹ் பங்கிட்டுக் கொடுத்ததை, "அவளுக்குத்தான் கல்யாணத்துக்குச் செய்துவிட்டோமே" என்ற ஒரே வாக்கியத்தால் பறித்துக்கொண்டோம். வக்ஃபு மனையில் ஓரடி உள்ளே தள்ளிச் சுவர் எழுப்பியவர்களும் நம் தொழுகை வரிசையிலேயே நிற்கிறார்கள். காஞ்சனாவின் நிலத்தைப் பறித்தவனைப் பார்த்து "இவனை விடாதே" என்று பிள்ளைகளோடு சேர்ந்து கூவுகிற நாம், தங்கையின் பங்கு என்று வரும்போது அந்தச் சட்டமன்ற உறுப்பினரின் இருக்கையில் போய் அமர்ந்துகொள்கிறோம். தங்கை பேயாக வர மாட்டாள் என்ற துணிச்சல்தான்.

அவள் பேயாக வர மாட்டாள். ஆனால் அநீதி இழைக்கப்பட்டவரின் பிரார்த்தனைக்கும் அல்லாஹ்வுக்கும் நடுவே திரை இல்லை என்பதை நபி (ஸல்) அவர்கள் முஆத் (ரலி) அவர்களை யமனுக்கு அனுப்பும்போது சொல்லி எச்சரித்தார்கள். இறந்தவருக்கும் நமக்கும் நடுவே திரை உண்டு. அழுகிறவருக்கும் அர்ஷுக்கும் நடுவே திரை இல்லை. இந்த இரண்டையும் சேர்த்துக் கற்ற பிள்ளை பேய்க்குப் பயப்படாது. அநியாயம் செய்யத்தான் பயப்படும்.

சிரிப்பின் விலை

இரண்டாவது குறை சிரிப்பில் இருக்கிறது. அச்சத்தை உருவாக்க இருட்டும் ஓசையும் போதும். சிரிப்பை உருவாக்க உழைப்பும் அறிவும் வேண்டும். இப்படங்கள் பலவற்றில் அந்த உழைப்பு இல்லை. ஆகவே, கைக்கு எட்டிய மனிதரைப் பிடித்துக் கேலி செய்கின்றன. பருமனான பெண், கருத்த பெண், வழுக்கைத் தலையர், திக்கிப் பேசுபவர், நடையில் பெண்மை கொண்ட ஆண் ஆகியோர் இப்படங்களின் மலிவான முதலீடு. இரட்டைப் பொருள் வசனங்களை எண்ணிப் பார்த்தால், பாட்டியும் பேரனும் ஒன்றாக அமர்ந்து பார்க்கும் படம் என்ற பேச்சு பொய் என்பது விளங்கும்.

ஓர் எடுத்துக்காட்டு போதும். 'யாமிருக்க பயமே' படத்தில் யோகி பாபு ஏற்ற பாத்திரத்துக்கு இட்ட பெயர் 'பன்னிமூஞ்சி வாயன்'. அப்பெயர் படத்தோடு நிற்கவில்லை. பள்ளிக்கூடங்களுக்கும் ஆலை விடுதிகளுக்கும் வந்தது. முகம் என்பது அவரவர் தேர்ந்தெடுத்துக்கொண்டதன்று, படைத்தவன் தந்தது. ஒரு கூட்டத்தார் மற்றொரு கூட்டத்தாரை ஏளனம் செய்வதையும், ஒருவருக்கொருவர் பட்டப்பெயர் சூட்டுவதையும் அல்ஹுஜுராத் அத்தியாயம் வெளிப்படையாகத் தடுத்திருக்க, அப்பெயரைச் சொல்லிச் சொல்லி நம் பிள்ளைகள் சிரித்ததை நாம் கண்டிக்கவில்லை. பன்றி என்ற சொல்லை வீட்டில் உச்சரிக்கவே கூசுகிற குடும்பங்களில்கூட அந்தப் பட்டப்பெயர் மட்டும் தடையின்றி உள்ளே வந்தது.

'காஞ்சனா'விலும் இதே முரண் உண்டு. பிற்பாதியில் திருநங்கையின் துயரைக் கண்ணீரோடு சொல்கிற படம், முற்பாதியில் ஆண் ஒருவன் பெண்ணைப் போல் நடப்பதையே சிரிப்புக்குரிய பொருளாக்குகிறது. முதலில் சிரிக்கக் கற்றுக்கொடுத்துவிட்டுப் பின்னர் அழச் சொல்கிறது. தெருவில் நடப்பது என்ன? அழுகை அரங்கிலேயே தங்கிவிடுகிறது. சிரிப்புதான் வெளியே வருகிறது. அந்தப் படத்துக்குப் பிறகு, சாலைச் சந்திப்பில் கைநீட்டும் திருநங்கைகளைப் பார்த்துச் சிறுவர்கள் என்ன பெயர் சொல்லிக் கத்தினார்கள் என்பதை நம் ஊரில் வாழ்பவர்கள் அறிவார்கள். அநீதி இழைக்கப்பட்டவரின் பெயரே வசைச்சொல்லாக மாறிப்போனது.

மயிற்பீலி பிடித்த பாய்

மூன்றாவது குறை நம்மை நேரடியாகத் தொடுகிறது. தமிழ்ப் பேய்ப்படங்களில் முஸ்லிமுக்கு ஒதுக்கப்பட்ட நாற்காலி ஒன்று உண்டு. பச்சைத் தலைப்பாகை, கழுத்தில் மணிமாலை, கையில் மயிற்பீலி, சுற்றிலும் சாம்பிராணிப் புகை. பூசாரியால் முடியாததை இந்தப் பாய் வந்து முடித்து வைப்பார். அல்லது அவரும் பேயிடம் அடிவாங்கி ஓடிச் சிரிப்பு மூட்டுவார். காவல் அதிகாரியாகவோ, ஆசிரியராகவோ, மருத்துவராகவோ நம்மைக் காட்டத் தயங்குகிற திரை, பேய் ஓட்டுகிறவராக மட்டும் தயங்காமல் காட்டுகிறது.

இதற்காக இயக்குநர்களை மட்டும் வையலாமா? அந்தப் பாத்திரத்தை அவர்கள் வானத்திலிருந்து எடுக்கவில்லை. அந்த நாற்காலியைச் செய்து கொடுத்தவர்கள் நாம். மாற்று மதத்து அண்டை வீட்டார் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் மந்திரிக்கத் தூக்கிக்கொண்டு பள்ளிவாசல் வாசலில் நிற்பதை நாம் பெருமையாகக் கருதியிருக்கிறோம். அதில் அன்பு உண்டு. இமாம் துஆ ஓதி ஊதி அனுப்புவதிலும் தவறில்லை. ஆனால் அந்த வாசலுக்கு அருகிலேயே தாயத்துக்கும் முடிகயிற்றுக்கும் விலை பேசி, "ஜின் பிடித்திருக்கிறது, ஏழு வாரம் வர வேண்டும்" என்று கணக்குப் போட்டவர்களை நாம் தடுக்கவில்லை.

நமக்குத் தெரிந்த குடும்பம் ஒன்றில் நிகழ்ந்ததைச் சொல்கிறோம். தென் மாவட்டம் ஒன்றிலிருந்து ஆலை வேலைக்கு வந்து விடுதியில் தங்கியிருந்த பத்தொன்பது வயதுப் பெண். தொடர்ந்து இரவு ஷிப்ட். சாப்பாடு இறங்கவில்லை, உறக்கம் இல்லை. ஒருநாள் விடுதியில் மயங்கி விழுந்தாள், எழுந்ததும் யாரையோ பார்த்துப் பேசுவது போல் பேசினாள், அழுதாள். அறைத் தோழிகள் ஒரு படத்தின் பெயரைச் சொல்லிச் சிரித்தார்கள். செய்தி ஊருக்குப் போயிற்று. பெற்றோர் வந்து அழைத்துச் சென்றார்கள்; மருத்துவரிடம் அன்று, ஓதிப் பார்ப்பவரிடம். கயிறு கட்டினார்கள், புகை போட்டார்கள், பணம் போயிற்று. இரண்டு மாதம் கழித்து அவளுடைய பெரியம்மா பிடிவாதமாக அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போனார். கடுமையான இரத்தசோகையும் மனச்சோர்வும் என்றார்கள். அவள் இப்போது நலமாக இருக்கிறாள், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் அந்த இரண்டு மாதங்களை அவளுக்குத் திருப்பித் தருபவர் யார்? "பேய் பிடித்த பெண்" என்று பெண் பார்க்க வந்த வீட்டார் பேசியதைத் திரும்பப் பெறுபவர் யார்?

இது நம் ஊருக்கு மட்டும் உரியதன்று. மலேசியாவின் சுங்கைவேயில் அமெரிக்க நிறுவனம் ஒன்றின் மின்னணு ஆலையில் 1975இல் 40 மலாய்ப் பெண் தொழிலாளர்களைப் பேய் பிடித்ததாகச் சொன்னார்கள். அதே ஆலையில் 1978இல் ஏறத்தாழ 120 பேர். அவர்கள் நாள் முழுதும் நுண்ணோக்கியில் கண் பதித்து வேலை செய்தவர்கள். கம்பத்திலிருந்து வந்த முஸ்லிம் இளம்பெண்கள். ஆலை 3 நாள் மூடப்பட்டது. நிர்வாகம் போமோ என்ற மந்திரவாதியை வரவழைத்து வளாகத்தில் ஆடு அறுத்தது. மானிடவியல் அறிஞர் ஐவா ஓங் இதை ஆராய்ந்து 1987இல் நூலாக எழுதினார். பேச வழியில்லாத பெண்களின் உடல், வேலையின் கடுமையை எதிர்த்து அலறிய அலறல் அது என்பது அவர் கண்ட முடிவு. ஆடு அறுத்தது மலிவு. வேலை நேரத்தைக் குறைப்பது செலவு. எந்த நாட்டிலும் முதலாளிக்கு மந்திரவாதி இலாபகரமானவர்தாம்.

நோயைப் பேய் என்று அழைப்பதன் இறுதி எல்லை எது என்பதை நம் சமுதாயம் ஒருமுறை கண்டிருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6 அன்று இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தர்காவை நம்பி வந்தவர்களை வைத்திருந்த தனியார் மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்தது. 28 பேர் இறந்தனர். சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததால் அவர்களால் ஓட முடியவில்லை. அது படம் அன்று. அங்கே சிரிப்பு வசனம் இல்லை. அதன்பின் உச்சநீதிமன்றம் தலையிட்டது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியிடுவதைத் தடை செய்தது. குஜராத்தின் உனாவாவிலுள்ள மீரா தாதார் தர்காவில் மருத்துவர்களை அமர்த்தி, துஆவும் மருந்தும் சேர்ந்தே கிடைக்கச் செய்த ஏற்பாடு பின்னர் ஏர்வாடிக்கும் வந்தது. எந்த நோயையும் அதற்குரிய மருந்தின்றி அல்லாஹ் இறக்கவில்லை என்பதும், மருத்துவம் செய்துகொள்ளுங்கள் என்பதும் நபிமொழியாக இருக்கும்போது, இந்தப் பாடத்தைக் கற்க 28 உயிர்கள் வேண்டியிருந்தன என்பது நமக்கு வெட்கம்.

"வெறும் பொழுதுபோக்குதானே?"

இவ்வளவும் கேட்டுவிட்டு, "ஒரு படத்துக்கு இத்தனை பேச்சா, சிரித்துவிட்டு மறந்துவிடுகிறோம்" என்பவர்கள் உண்டு. மறந்துவிடுகிறோம் என்பது உண்மையானால் அந்தப் பெண்ணின் அறைத் தோழிகள் படத்தின் பெயரைச் சொல்லியிருக்க மாட்டார்கள். நாம் பார்ப்பது நம் வாயில் சொல்லாக நிற்கிறது. நெருக்கடி வரும்போது முதலில் வெளிவருவது அந்தச் சொல்தான். மயங்கி விழுந்தவளைக் கண்டதும் "மருத்துவர்" என்ற சொல் முதலில் வர வேண்டுமா, "பேய்" என்ற சொல் வர வேண்டுமா என்பதே கேள்வி.

"ஆகவே தொலைக்காட்சியை உடைத்துவிடுவோம்" என்பவர்களும் உண்டு. அவர்களுடைய பேணுதலை மதிக்கிறோம். ஆயினும் தொலைக்காட்சி இல்லாத வீடுகளிலும் தங்கையின் பங்கு பறிபோயிருக்கிறது, கேலிப்பெயர் ஒலித்திருக்கிறது, நோயாளிக்குக் கயிறு கட்டப்பட்டிருக்கிறது. பெட்டியை உடைப்பதால் இம்மூன்றும் உடையா.

பேய்ப்படம் காட்ட மறந்த ஒரு காட்சியை நம் நெடுஞ்சாலை காட்டியிருக்கிறது. 2021 டிசம்பரில், சுங்குவார்சத்திரத்தில் உள்ள ஃபாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர்கள் தங்கியிருந்த பூந்தமல்லி விடுதியில் உணவு நஞ்சாகி 150க்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். சிலர் இறந்துவிட்டார்கள் என்ற வதந்தி பரவியது. அது உண்மையன்று, ஆனால் நெரிசலான அறைகளும் மோசமான உணவும் உண்மை. அந்தப் பெண்கள் எந்த மந்திரவாதியையும் தேடிப் போகவில்லை. சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் வந்து அமர்ந்தார்கள். ஆலை மூடப்பட்டது, ஆப்பிள் நிறுவனம் அந்த ஆலையைக் கண்காணிப்பில் வைத்தது, விடுதிகளைச் சீர்செய்வதாக உறுதியளித்த பிறகே அடுத்த மாதம் திறக்கப்பட்டது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் விடுதியை அரசு திறந்தது. குறை முற்றிலும் தீர்ந்துவிட்டதென்று நாம் சொல்லவில்லை. ஆனால் 'காஞ்சனா' செத்தபின் செய்ததை இந்தப் பெண்கள் உயிரோடு செய்தார்கள். அலறலைக் கோரிக்கையாக மாற்றினார்கள்.

நாம் செய்ய வேண்டியவை சில. வீட்டில் இப்படி ஒரு படம் ஓடினால், முடிந்ததும் பிள்ளைகளிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: இதில் அநியாயம் செய்தவர் யார்? அதைப் பார்த்தும் பேசாமல் இருந்தவர் யார்? நீ சிரித்தாயே, அப்போது யாருக்கு வலித்தது? அத்தாவின் சொத்து பிரிக்கப்படாமல் கிடந்தால், சகோதரியின் பங்கை அவள் கேட்கும் முன் கொடுங்கள். ஜமாஅத் நிர்வாகிகள், ஆலை விடுதிகளில் தங்கியிருக்கும் நம் சமுதாயப் பெண்பிள்ளைகள் எத்தனை பேர், அவசரத்துக்கு அவர்கள் யாரை அழைக்க வேண்டும் என்ற பட்டியலையாவது வைத்திருங்கள். மனநல ஆலோசனைக்கு அரசின் 14416 என்ற எண் உண்டு, 104 உண்டு. பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையில் தொழுகை நேரத்துக்குக் கீழே இவ்விரு எண்களையும் எழுதுவதற்கு ஒரு சுண்ணாம்புக் கட்டி போதும். இமாம்களுக்கு ஒரு வேண்டுகோள்: ஓதிப் பார்க்க வருகிறவர்களுக்கு ஓதுங்கள், ஓதி முடித்ததும், "மருத்துவரிடம் காட்டினீர்களா?" என்று கேளுங்கள். உங்கள் வாயிலிருந்து வரும் அந்த ஒரு கேள்விக்கு, நாம் எழுதும் நூறு கட்டுரைகளைவிட வலிமை அதிகம்.

இறந்தவர்கள் வந்து கதவைத் தட்டப் போவதில்லை. தட்டுகிறவர்கள் எல்லாரும் உயிரோடு இருக்கிறவர்கள்: பங்கு கேட்கத் தயங்கி வாசலில் நிற்கும் சகோதரி, கேலிக்கு அஞ்சித் தலை குனிந்து போகும் அண்டை வீட்டார், இரவு ஷிப்ட் முடிந்து உறக்கமின்றி அழைப்பு விடுக்கும் மகள். அந்தத் தட்டலுக்குக் கதவைத் திறக்கும் மனத்தை அல்லாஹ் நமக்குத் தருவானாக. அவனே மிக அறிந்தவன்.